ஒலி நிருபர்களுக்கான பீட் ஃபெல்லோஷிப்: நெல்லைச் சீமையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளூர்ப் பொது வானொலிக்காகக் குரல் பதிவு செய்கிறவர்களுக்கு, ஒரே ஒரு துறையை ஓராண்டு விடாமல் பின்தொடர உதவித்தொகையும் ஒரு வழிகாட்டியும் தருகிற ஏற்பாட்டைத்தான் பீட் ஃபெல்லோஷிப் என்கிறோம். இப்படி அறிவிப்பு ஏதாவது வந்தால் போதும், பாளையங்கோட்டை, அபிஷேகப்பட்டி, தென்காசி என்று பல பக்கமிருந்தும் இளைய நிருபர்கள் எனக்குப் போன் செய்கிறார்கள். நான் இந்தத் தாமிரபரணி ஆற்றங்கரையில் பல வருஷமாக மைக்கோடு அலைந்தவன். இப்போது விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன், சேர்ந்தவர்களோடு ஊர்களுக்கும் போய் வருகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன்.

பீட் என்றால் என்ன? தினமும் செய்தி சேகரிப்பதிலிருந்து அது எப்படி வேறு?

ஆற்றை வைத்தே சொல்கிறேன். மழைக்காலம் வந்துவிட்டால் டீக்கடையில் முதல் கேள்வி, “அணை எத்தனை அடி?” பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று முழுக் கொள்ளளவு எல்லோருக்கும் மனப்பாடம். தினசரி நிருபர் அன்றைய அடிக்கணக்கைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். அதில் தப்பொன்றும் இல்லை.

தாமிரபரணியைப் பீட்டாக எடுத்தவருக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆற்றில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிகிறது. நதியுண்ணி, கன்னடியன், கோடகன், பாளையங்கால், நெல்லைக் கால்வாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சண்டை உண்டு. கார் சாகுபடிக்கு ஜூன் மாதம் திறக்க வேண்டிய தண்ணீர் திறந்தார்களா, எத்தனை நாள் கழித்து வந்தது, தலைமடையில் நாற்று நட்டபோது கடைமடை வாய்க்கால் ஈரமாவது பட்டதா, அதே ஆள் அடுத்து வரும் பிசானப் பருவச் சாகுபடிக்கு என்ன செய்தார் என்று கேட்டுக்கொண்டே போகலாம். இந்த விடைகள் அணையில் கிடைக்காது. கடைமடையில் ஒரே வரப்பில் ஜூனில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை போய் நின்றால்தான் கிடைக்கும். பீட் என்பது போன இடத்துக்கே திரும்பிப் போவது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லவிருக்கும் மற்றதெல்லாம் இதிலிருந்தே வருகிறது.

ஃபெல்லோஷிப்பில் என்ன கிடைக்கும்?

மாதாமாதம் ஒரு தொகை, பயணப்படி, ஒரு வழிகாட்டி, ஒலிபரப்ப ஒரு நிலையம். இடத்துக்கு இடம் அளவு மாறும். அமெரிக்காவில் இந்த வழக்கம் நன்றாக வேரூன்றியிருக்கிறது. அங்கே தேசியப் பொது வானொலி 1970இல் உருவானது. ஊர் ஊராக உள்ள நிலையங்களில் பெரும்பங்கு பல்கலைக்கழகங்களும் நேயர் நன்கொடையும் தாங்கி நிற்பவை. 2017இல் தொடங்கிய ‘ரிப்போர்ட் ஃபார் அமெரிக்கா’ என்ற திட்டம் உள்ளூர்ச் செய்தி நிலையங்களுக்கு நிருபர்களை அனுப்பி, சம்பளத்தில் ஒரு பங்கையும் ஏற்றுக்கொள்கிறது. அங்கேயும் காலம் இப்போது கஷ்டம்தான். பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அந்த நாட்டு நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது.

எந்த ஃபெல்லோஷிப்பாக இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு செய்த ஒலி யாருக்குச் சொந்தம்? வழிகாட்டி மாதத்தில் எத்தனை மணி நேரம் உங்களுக்கு ஒதுக்குவார்? பீட்டை விட்டுவிட்டு வேறு வேலைக்கு உங்களை இழுப்பார்களா? மூன்றாவதுதான் முக்கியம். “ஆள் இல்லை, இன்னைக்கு மட்டும் இந்த விழாவுக்குப் போயிட்டு வந்துரு” என்பது வாரம் மூன்று நாளானால் அது ஃபெல்லோஷிப் இல்லை, ஆள் பற்றாக்குறைக்கு ஒட்டுப் போடும் வேலை.

நம்மூரில் பொது வானொலி என்று எதைச் சொல்வது? சமுதாய வானொலியில் செய்தியே கூடாது என்கிறார்களே?

பொது வானொலி என்றால் முதலில் ஆகாசவாணி. திருநெல்வேலி நிலையம் 1963 டிசம்பரில் தொடங்கியது. மத்திய அலையில் 1197 கிலோஹெர்ட்ஸ் என்பது இங்குள்ள பழைய நேயர்களுக்கு வீட்டு முகவரி மாதிரி. 1997இல் பிரசார் பாரதி அமைந்ததிலிருந்து ஆகாசவாணி அதன்கீழ் இயங்குகிறது. இரண்டாவது, சமுதாய வானொலி. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் அனுமதி வந்தது. 100 வாட் திறனில் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும்.

சமுதாய வானொலி தானாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்பது உண்மை. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். தனியார் எஃப்.எம்.முக்கும் இதே கட்டுதான். அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்ன நாட்டில், உள்ளூர்க்காரர் உள்ளூர்ச் செய்தியைத் தன் ஊர் வானொலியில் சொல்ல முடியாமல் இருப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆனாலும் பீட் நிருபருக்கு இது முழுக்க அடைத்த கதவு அல்ல. விவசாயம், உடல்நலம், கல்வி, பெண்களின் தொழில், வானிலை, குடிநீர், மின்தடை, இயற்கைச் சீற்றம் பற்றிய தகவலெல்லாம் பேசலாம். “கால்வாய்த் தண்ணீர் இந்த வாரம் எங்கே வந்திருக்கிறது” என்பது தகவல்தான். விதி எங்கே முடிகிறது என்பதை நிலைய மேலாளரிடம் உட்கார்ந்து பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உரிமம் அவர்கள் பெயரில் இருக்கிறது. உங்கள் ஆர்வத்தால் ஒரு சின்ன நிலையத்துக்கு நோட்டீஸ் வந்துவிடக் கூடாது. வானொலியில் போட முடியாததை இணையத்தில் ஒலித்தொடராகப் போடலாம். அதற்கு 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் உண்டு, படித்துவிடுங்கள்.

வீடியோ காலத்தில் ரேடியோவை யார் கேட்கிறார்கள்?

முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ மத்தியானம் ஒரு தெருவில் நடந்து பாருங்கள். திண்ணையிலும் நடையிலும் பெண்கள் மடியில் சொளவை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். கத்தரி ஒரு அளவுக்கு இலையை வெட்டும். விரல் தூளை எடுத்துப் பரப்பும், உருட்டும், முனையை மடிக்கும், நூலைச் சுற்றும். கண்ணும் கையும் சொளவில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் நாம் வேலை செய்கிறோம். டிவி பார்த்தால் கை நின்றுபோகும், கை நின்றால் கூலி நின்றுபோகும். ரேடியோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. போனில் கேட்டாலும் ரேடியோ ரேடியோதான்.

2023 டிசம்பர் 17, 18ஐயும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையை மீறியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் இரண்டு பேட்டரிக் கட்டையில் பாடும் ஒரு பெட்டி வீட்டில் இருந்தால், அதிலிருந்து வரும் குரல் எந்தப் பாலம் திறந்திருக்கிறது என்று தெரிந்து பேச வேண்டும். அதைத் தெரிந்துவைத்திருப்பவர் வெள்ளத்தன்று வந்த நிருபராக இருக்க முடியாது. வெள்ளத்துக்கு முந்தைய ஆறு மாதமும் அந்தக் கரையில் நடந்த நிருபராகத்தான் இருப்பார்.

எந்த பீட்டை எடுக்கலாம்?

உங்களுக்குத் தூக்கம் வராமல் செய்கிற ஒன்றை. ஆனால் அதைச் சொன்னால் யாருக்கும் உதவாது, அதனால் சிலவற்றை விரித்தே சொல்கிறேன்.

பீடி. 1966இலேயே பீடித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்கும் சொளவுக்கும் இடையில் ஒப்பந்தக்காரர், எடை, தரமில்லை என்று பீடியைத் தள்ளும் கழிவு, பாஸ்புக் என்று எத்தனையோ நிற்கின்றன. “இன்னைக்கு எத்தனை கழிச்சாங்க?” என்ற ஒரே கேள்வியை ஒரு வருஷம் கேட்டுக்கொண்டே போனால் ஒரு தொடர் கிடைக்கும்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட 8,373 ஏக்கர் மலைக்காடு. குத்தகை 2028இல் முடிய வேண்டியது. அதற்கு முன்பே 2024இல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வு கொடுத்து இறங்கச் சொன்னார்கள். நாலைந்து தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களில் பலருக்குச் சமவெளியில் சொந்தம் என்று சொல்ல வீடு இருக்கவில்லை. அதே தோட்டத்துத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில்தான் 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் 17 பேர் உயிர் போனது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வேலை, வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே இடத்தில் முடிச்சாகக் கிடக்கிறது. இறங்கிய குடும்பங்கள் எங்கெங்கே சிதறின, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள் என்பதைப் பின்தொடர ஒருவர் முழுநேரமும் வேண்டும். அடுத்த சில வருஷத்துக்கு இந்த மாவட்டத்தில் இதைவிட அவசரமான பீட் இல்லை என்பேன்.

கல்குவாரி. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் எத்தனை பேர் திரும்பிப் பார்த்தோம்? குவாரிக்குப் பக்கத்து ஊரில் வெடி வைக்கும் நேரம், சுவர் விரிசல், லாரி போகும் ரோடு எல்லாம் காதால் கேட்கக்கூடியவை. ஒலிக்கென்றே அமைந்த பீட்.

பள்ளிக்கூடமும் சாதியும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவர்மீதும் அவர் தங்கைமீதும் வீடு புகுந்து நடந்த வெட்டுக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிற்று நிறம் உட்பட அதில் பேசியிருக்கிறார்கள். பரிந்துரையில் எது பள்ளி வாசலுக்கு வந்து சேர்ந்தது என்று பார்ப்பது பொறுமையான வேலை, அவசரப்பட்டால் கெடுதல் செய்யும் வேலை.

உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி என்று கடற்கரையும் இருக்கிறது. ராதாபுரம் பக்கம் காற்றாலைகள், பத்தமடைப் பாய், கூந்தன்குளத்துப் பறவைகள், எல்லாமே நல்லவைதான். ஆனால் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடியாத பீட்டை எடுக்காதீர்கள். மாதம் ஒரு தடவை போகிற இடத்தில் நீங்கள் விருந்தாளி. வாரம் இரண்டு தடவை போனால்தான் உங்கள் முன்னால் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்?

தலைப்பை எழுதாதீர்கள், கேள்வியை எழுதுங்கள். “பீடித் தொழிலாளர்களின் நலன்” என்று வரும் விண்ணப்பம் எனக்கு எதையும் சொல்வதில்லை. “20 வருஷம் இலை வெட்டித் தேய்ந்த விரல், பி.எஃப். பணம் எடுக்கப் போகும்போது ரேகை இயந்திரத்தில் பதியாவிட்டால் அந்தப் பெண் என்ன செய்கிறாள்?” என்று எழுதினால், எழுதியவர் ஒரு வீட்டிலாவது உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

மாதிரி ஒலி கேட்பார்கள். மூன்று நிமிடம் போதும். பின்னணி இசை வேண்டாம். ஒரு குரல், ஒரு இடம், உங்கள் வாயிலிருந்து நாலு வரி. முதல் பத்து நொடியில் நான் எங்கே நிற்கிறேன் என்று காதுக்குத் தெரிய வேண்டும்.

விலை உயர்ந்த ரெக்கார்டர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். போனில் ஆரம்பியுங்கள். ஏரோபிளேன் மோடில் போட்டு, வேவ் கோப்பாகப் பதியும் செயலியில், பேசுகிறவர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். முதல் பணம் சேர்ந்ததும் வாங்க வேண்டியது ரெக்கார்டர் அல்ல, காதை முழுக்க மூடும் ஹெட்போன். அது இல்லாமல் பதிவு செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு சமைக்கிற மாதிரி.

நம்மூர்க் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று மைக்கில் பட்டால் ஆள் குரல் காணாமல் போகும். கடைகளில் விற்கும் பஞ்சு உறை அதற்குத் தாங்காது, ரோம உறை வேண்டும். ஒரு தடவை ராதாபுரம் பக்கம் அதுவும் கையில் இல்லாமல் மாட்டிக்கொண்டோம். ஒரு ஆச்சி எங்களைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய், மூன்று சாக்கை மடித்துப் போட்டு உட்கார வைத்தாள். கோழி கொக்கரித்தது, அவள் பேசினாள், பின்னால் காற்றாலை இறக்கை சுழல்கிற ‘வூம் வூம்’ சத்தம். ஸ்டுடியோவில் அப்படி ஒரு பதிவு கிடைக்காது.

வீட்டுக்குள் போனால் மின்விசிறியை நிறுத்தச் சொல்லத் தயங்காதீர்கள். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தைப் பதியுங்கள். எடிட் செய்யும்போது வெட்டின இடத்தை ஒட்ட அந்த ஒரு நிமிடம்தான் பசை. வீட்டுக்கு வந்ததும், குளிப்பதற்கு முன், இரண்டு இடத்தில் நகல் எடுத்து, தேதியும் ஊரும் போட்டுப் பெயர் வையுங்கள்.

நெல்லைப் பேச்சைத் திருத்தி ஒலிபரப்பலாமா?

கூடாது. “அங்கன நின்னுக்கிட்டு இருந்தோம்லா, தண்ணி இடுப்பளவு வந்துட்டு” என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே விடுங்கள். அந்த ‘லா’வில்தான் அவர் உங்களைச் சாட்சிக்கு இழுக்கிறார். சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் “இது புரியாது” என்று சொன்னால், புரியாத ஒரு சொல்லுக்கு உங்கள் வாசகத்தில் அர்த்தம் வருகிற மாதிரி முன்னோட்டம் கொடுங்கள். பேசியவரின் வாயில் கை வைக்காதீர்கள்.

உங்கள் சொந்த வாசகத்தையும் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம். எண்கள் காதில் நிற்காது. எழுத்தில் 8,373 ஏக்கர் என்று போடலாம், காற்றில் “எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர்” போதும். வயதானவர்களை அண்ணாச்சி, ஆச்சி, அக்கா என்று கூப்பிட்டதையும் வெட்ட வேண்டாம். நீங்கள் எந்த இடத்தில் நின்று கேட்கிறீர்கள் என்பது நேயருக்குத் தெரியட்டும்.

பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டால் என்ன செய்வது?

இதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். என்னோடு வேலை செய்ய வரும் ஒவ்வொருவருக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

பீடிக் கூலியில் கழிவு என்று அநியாயமாகக் குறைக்கிறார்கள் என்று ஒரு அக்கா என்னிடம் பேசினார். பெயர் வேண்டாம் என்றார். நான் பெயரை எடுத்தேன், ஊரை எடுத்தேன், நிம்மதியாக ஒலிபரப்பினேன். பெயரை மறைத்தால் ஆளை மறைத்தாயிற்று என்று நினைத்துவிட்டேன். பத்திரிகைக்கு அது சரி. வானொலிக்கு அல்ல. அவர் குரலைத் தெருவே தெரிந்துவைத்திருந்தது. போதாததற்குப் பேச்சுக்கு நடுவில் பக்கத்துக் கோயில் மணியை அழகுக்காக விட்டுவைத்திருந்தேன். மறுநாள் அவர் இலை வாங்கப் போனபோது, “இன்னைக்கு உனக்கு இலை இல்லை” என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் அப்படியே போனது. நான் போய் நின்றபோது அவர் என்னைத் திட்டவில்லை. சொளவு கவிழ்த்து வைத்திருந்தது. “நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, தம்பி” என்றார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. குரலும் ஒரு முகம் என்று பேட்டிக்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுவேன். மறைக்க வேண்டும் என்றால், அவர் சொன்னதை வேறொருவர் குரலில் வாசிக்க வைத்து, அப்படி வாசிக்கிறோம் என்று நேயரிடமும் சொல்வேன். மென்பொருளில் குரலைத் தடிப்பாக்குவதை நம்பமாட்டேன். பேச்சின் நடை அப்படியே இருக்கும், தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். சுற்றுச் சத்தத்தில் பள்ளி மணி, கோயில் மணி, பாங்கு, பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வது எல்லாம் இருக்கிறதா என்று ஒரு தடவை அதற்காகவே கேட்பேன். ஒலிபரப்புக்கு முன், பேசியவருக்கு அவருடைய பகுதியைப் போட்டுக் காட்டுவேன். உண்மையை மாற்றச் சொன்னால் மாட்டேன். ஆபத்து என்று சொன்னால் வெட்டுவேன்.

குழந்தைகள் என்றால் சட்டமே இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் பெயரோடு நிற்கவில்லை, பள்ளி, முகவரி, குடும்பம் என அடையாளம் காட்டும் எதையும் தடுக்கின்றன.

“நீ யாரு வீட்டுப் பிள்ளை?” என்று கேட்பார்களே, என்ன சொல்வது?

கேட்பார்கள். ஊரைக் கேட்பார்கள், அப்பா பெயரைக் கேட்பார்கள், எந்தத் தெரு என்று கேட்பார்கள். கேட்பது எதை என்று இரண்டு பேருக்கும் தெரியும். பொய் சொல்லாதீர்கள், இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும். “எந்த வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் நீங்க சொல்றதை மாத்தாமப் போடுவேன், போட்டதை உங்ககிட்டயே கொண்டுவந்து காட்டுவேன்” என்று சொல்லிவிட்டு, அதைச் செய்து காட்டுங்கள். ஒரு தெருவில் தண்ணீர் குடித்தால் அடுத்த தெருவிலும் குடியுங்கள். யார் கண்ணில் படுகிறது என்று நினைக்காதீர்கள், எல்லோர் கண்ணிலும் படுகிறது.

சில தெருக்களில் உங்களால் பேச்சு வாங்கவே முடியாமல் போகலாம். உங்கள் பிறப்பு அங்கே முன்னாடி போய் நிற்கும். அதை வழிகாட்டியிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், இரண்டு பேராகப் போக ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

வர வேண்டும். நடைக்கு உள்ளே, அடுப்படி வரைக்கும் போய் உட்கார ஆண் நிருபரால் முடியாது. பீடி பீட்டின் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுப் போங்கள், போகும் ஊரை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இரவுத் தங்கலுக்கும் ஆட்டோவுக்கும் பணம் தராத ஃபெல்லோஷிப் பெண்களை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. அதைக் கேட்டு வாங்குங்கள்.

அதிகாரிகள் மைக்கைப் பார்த்ததும் ஒதுங்கிவிடுகிறார்களே?

மைக் இல்லாமல் முதலில் நாலு தடவை பாருங்கள். கால்வாய் மடையைத் திறக்கும் லஸ்கர், ரேஷன் கடைக்காரர், கிராம நிர்வாக அலுவலரின் உதவியாளர், இவர்களுக்குத் தெரிந்தது மேலதிகாரிக்குத் தெரியாது. பேசவில்லை என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய், ஒரு வெள்ளைத்தாள், 30 நாள். பீட் நிருபருக்கு 30 நாள் காத்திருக்க முடியும் என்பதுதான் அவருடைய பலம். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். எந்தத் தேதியில் எந்த மடை எத்தனை நாள் திறந்திருந்தது என்ற பதிவேட்டின் நகல் என்று கேட்டால் தட்டிக் கழிப்பது கஷ்டம்.

கிராம சபையை விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. ஒரே ஊரின் ஆறு சபையையும் பதிவு செய்தால், மார்ச்சில் வாக்குக் கொடுத்த அதே குரல் நவம்பரில் என்ன சொல்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடலாம். இதைச் செய்ய ஒலியைவிட நல்ல கருவி இல்லை.

பணம் வைத்துக் கவர் கொடுத்தால்?

வாங்காதீர்கள். டீ குடிக்கலாம். வயலில் வெள்ளரிப்பிஞ்சு கொடுத்தால் சாப்பிடலாம்.

ஒரு வருஷம் முடிந்ததும் அந்தப் பீட் என்னாகும்?

பெரும்பாலான ஃபெல்லோஷிப்கள் தோற்கும் இடம் இது. பதிவுகளோடு நிருபர் கிளம்பிவிடுவார், அடுத்து வருகிறவர் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பார். அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு போடுங்கள். யாரைப் பார்த்தோம், என்ன வாக்குக் கொடுத்தோம், எந்தக் கேள்விக்கு விடை வரவில்லை என்று எழுதுங்கள். பெயர் மறைக்கச் சொன்னவர்களின் விவரத்தை மட்டும் அதில் எழுத வேண்டாம். கடைசி மாதம் அந்த நோட்டையும் ஒலிக் கோப்புகளையும் நிலையத்தில் ஒப்படைத்து, அடுத்து வருகிறவரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் அறிமுகம் செய்துவையுங்கள். மாஞ்சோலைக் குத்தகை மாதிரி விஷயங்கள் ஒரு வருஷ ஃபெல்லோஷிப்புக்காகக் காத்திருப்பதில்லை.

இடம் கிடைத்துவிட்டது. முதல் வாரம் என்ன செய்ய?

திங்கட்கிழமை காலை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் போலீஸ் பைகளைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமைக்குத் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்தும் வழி பிறக்காத ஒரு குடும்பம், இரண்டு சின்னக் குழந்தைகளோடு, அந்த வளாகத்திலேயே தீக்கிரையானது. மண்ணெண்ணெய்ப் பாட்டிலைத் தேடும் கை அந்த நாளிலிருந்து வந்தது. மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் காதாக நீங்கள் போகிறீர்கள்.

ரெக்கார்டரைப் பைக்குள்ளேயே வையுங்கள். மனு எழுதிக் கொடுப்பவர்கள் பக்கம் உட்காருங்கள். உங்கள் பீட் சம்பந்தப்பட்ட மனுவோடு யாராவது வருவார்கள், கட்டாயம் வருவார்கள். அவர்கள் ஊருக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதன்கிழமை அந்தப் பஸ்ஸில் ஏறுங்கள்.